அரைப்புள்ளியோடு வந்த அம்மா

எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு மலருக்கு நான்தான் பக்கம் அமைத்துத் தருகிறேன். என் கணினியில் லினக்ஸ் இயங்குதளமும், வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளும். கட்டுரை அனுப்புகிறவர்கள் எல்லோரும் வேர்டுக்காரர்கள். வருகிற டாக்எக்ஸ் (வேர்டின் வடிவம்) கோப்புகளில் அட்டவணை சற்று நகர்ந்திருக்கும், பன்னிரண்டு பக்கம் பதிமூன்றாகும், அவ்வளவுதான். லிப்ரே ஆபீஸ் கோப்புகளைச் சேமிக்கும் ஓடிஎஃப் வடிவம் 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டு அமைப்பின் தரமாகிவிட்டது, வேர்டுடையது 2008-ல். இரண்டுக்கும் விதிமுறை அச்சில் இருக்கிறது என்ற தெம்பில் இருந்தேன்.

இந்த ஆண்டு, ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி ஒருவரின் கட்டுரை வந்தது. திறந்தால் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை ஆங்கில எழுத்துகள், பொருளே இல்லாமல்.

"என் கணினியில் நன்றாகத்தானே தெரிகிறது, அம்மா?" என்றார் தொலைபேசியில்.

வழக்கம்போல் மென்பொருளைத் திட்டினேன். பிறகுதான் டாக்எக்ஸ் என்பது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம் என்பது நினைவுக்கு வந்தது. கோப்புப் பெயரின் வாலை ஜிப் என்று மாற்றிப் பிரித்து, உள்ளே கட்டுரையின் எழுத்துகள் இருந்த எக்ஸ்எம்எல் கோப்பைப் பார்த்தேன். எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச். அதுதான் அவர் எழுதிய 'அம்மா'. பக்கத்திலேயே எழுத்துருவின் பெயரும் இருந்தது: பாமினி.

லிப்ரே ஆபீஸ் பாவம், ஒன்றையும் கெடுக்கவில்லை. கோப்பில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்துகிற எழுத்துரு அவரிடம் இருந்தது, என்னிடம் இல்லை. எந்த ஐஎஸ்ஓ தரமும் இதற்கு உதவாது.

பாமினியை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தாக்கும் மாற்றி மென்பொருளில் மொத்தத்தையும் போட்டு எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் தமிழ் வந்துவிட்டது. எழுத்தின் அளவை மாற்றினால் மட்டும் அசையவில்லை. லிப்ரே ஆபீஸில் ஆங்கிலத்துக்கு ஓர் அளவு, தமிழ் போன்ற மொழிகளுக்குத் தனி அளவு; நான் மாற்றியது ஆங்கிலத்துடையதை. இதில் எத்தனை முறை ஏமாந்தாலும் எனக்குப் புத்தி வருவதில்லை.

மெய்ப்புப் பார்க்க பிடிஎஃப் அனுப்பினேன். அவர் அச்செடுத்து, சிவப்பு மையில் திருத்தி, தபாலில் திருப்பி அனுப்பினார். மூன்றாம் பக்கத்தில் 'ஆழநெல' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். அவர் 'மணி ஆர்டர்' என்பதை ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கிறார்; அந்த மாற்றி மென்பொருள் அதன் முதல் சொல்லையும் பாமினி என்று நம்பித் தமிழாக்கியிருக்கிறது. ஓரத்தில் அவர் கையெழுத்து:

"முப்பது வருடம் தபால் பிரித்திருக்கிறேன். இப்படி ஓர் ஊர் இல்லை, அம்மா."