அவர்கள் சேரத்தான் போகிறார்கள்

ஜூன் 3, செவ்வாய்

பாதி நாவல் தாண்டியாகிவிட்டது. இனிமேல்தான் கஷ்டம். ஆரம்பம் எப்போதும் தானாக ஓடும், இரண்டு பேர் சந்திக்கிறார்கள், முறைத்துக்கொள்கிறார்கள், மனசுக்குள் ஏதோ அசைகிறது, அதையெல்லாம் விரலே தட்டிவிடும். முடிவும் தெரியும். நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து அத்தியாயங்கள்தான் ஆளைத் தின்னும்.

இந்த முறை இருவரும் கதை தொடங்கும்போதே கணவன் மனைவி. அவன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர், அவள் நைட் டியூட்டி நர்ஸ். இன்னும் பெயர் வைக்கவில்லை, ஃபைலில் அவன், அவள் என்றே ஓடுகிறது. முதல் பெரிய சண்டையை எழுதி முடிக்கும்வரை பெயர் வைப்பதில்லை என்பது என் வழக்கம். பெயர் வந்ததும் அதற்கேற்ற முகமும் குரலும் குணமும் ரெடிமேடாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன, அப்புறம் அந்த ஆளை நான் கவனிப்பதை நிறுத்திவிடுகிறேன். அகத்திணைப் பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது, 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று. தொல்காப்பியர் காரணம் வேறு, என் காரணம் வேறு. ஆனாலும் அந்த வரி என் மேஜைக்கு எதிரே ஒட்டியிருக்கிறது.

நாலரைக்கு எழுந்து ஆறரை வரை எழுதினேன். போன் பக்கத்து அறையில். அது மேஜையில் இருந்தால் அவன் பேச ஆரம்பிப்பதற்குள் வேறு யாராவது பேசிவிடுகிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

எழுதவில்லை. பதினாறாம் அத்தியாய வசனங்களை வாய்விட்டுப் படித்து ரெக்கார்ட் செய்து கேட்டேன். கண்ணுக்கு நன்றாக இருந்த நாலு வரி காதுக்கு நாடகமாகப் பட்டது. வெட்டியாகிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

கப்பல் நோட்டு நிரம்பிக்கொண்டே வருகிறது. தகவல் சேர்ப்பதில் ஜார்ஜெட் ஹேயர்தான் எனக்கு வாத்தியார். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்க இங்கிலாந்தை வைத்து அத்தனை காதல் நாவல்கள் எழுதியவர், அந்தக் காலத்து உடை, வண்டி, கொச்சைப் பேச்சு என்று வகை வகையாக நோட்டு போட்டு வைத்திருந்தார். நாவலில் அது எதுவும் துருத்திக்கொண்டு நிற்காது, பாத்திரங்களின் வாயிலும் கையிலும் இயல்பாக இருக்கும். எனக்கு அது வேண்டும்.

இன்ஜின் ரூமில் பழைய முறைப்படி நாலு மணி நேரம் வாட்ச் (இன்ஜினைக் கவனித்துக்கொள்ளும் முறை வேலை), எட்டு மணி நேரம் ஓய்வு. பன்னிரண்டு-நாலு வாட்ச் கிடைத்தவன் நள்ளிரவிலும் நண்பகலிலும் கீழே இருப்பான். இப்போது பல கப்பல்களில் இரவு நேரத்தில் இன்ஜின் ரூமில் ஆளே இருப்பதில்லை, அலாரம் அடித்தால் இறங்கிப் போனால் போதும். என் கதைக்கு வாட்ச் தேவை என்பதால் அவனைப் பழைய கப்பல் ஒன்றில் ஏற்றியிருக்கிறேன். அவளுக்கும் இரவு வேலை. இரண்டு பேரும் ஒரே இருட்டில் விழித்திருக்கிறார்கள் என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதினேன்.

இன்றைக்குக் கடிகார விஷயத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கப்பல் மேற்கே போகப் போக, 15 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் என்று கப்பல் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். கிளம்பிய புதிதில் அவனுடைய நள்ளிரவும் அவளுடைய நள்ளிரவும் ஒன்றுதான். நாள் போகப் போக ஒரு மணி, இரண்டு மணி என்று விலகி, கடைசியில் அவன் வாட்ச் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு மேலே வரும்போது, அவள் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து தூங்கியே போயிருப்பாள். யாரும் துரோகம் செய்யவில்லை, யார் மனசும் மாறவில்லை, நடுவில் மூன்றாவது ஆள் இல்லை. பூமி சுற்றுகிறது, அதனால் இரண்டு பேர் பேசிக்கொள்ள முடியவில்லை! இந்தத் தடையை நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

அவளுக்கு ஒரு பழைய கைக்கடிகாரம் கொடுத்துவிட்டேன். தலையணைப் பக்கத்தில் இருக்கும், கப்பல் நேரம் காட்டும். அவன் 'இன்னைக்கு ஒரு மணி பின்னால போறோம்' என்று மெசேஜ் போட்டால் இவளும் முள்ளைத் திருப்பி வைப்பாள்.

ஜூன் 11, புதன்

ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, இரவெல்லாம் பக்கத்திலேயே கண்விழிக்க வேண்டியிருக்கிறது, அந்த நேரத்தில்தான் என் நாவலைப் படிக்கிறாராம். 'கடைசில சேர்ந்துடுவாங்கதானே அக்கா? அதை மட்டும் சொல்லிடுங்க, நடுவுல எவ்வளவு வேணா அழ வைங்க.'

சேர்வார்கள் என்று உடனே பதில் போட்டேன். அப்புறம் ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை. அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கம் இந்த வகை எழுத்துக்குத் தந்த வரையறையில் இரண்டே விஷயங்கள்தான்: மையத்தில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனசுக்கு நிறைவையும் நம்பிக்கையையும் தர வேண்டும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. நள்ளிரவில் மருந்து நேரத்துக்காக விழித்திருக்கும் ஒருத்திக்கு முதல் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாக்கு அது. அவர் நம்பி அழலாம். அந்த அழுகைக்குத் தகுதியான நடுப்பகுதியைக் கொடுப்பது என் பொறுப்பு.

ஜூன் 14, சனி

சித்தி போனில் பிடித்துக்கொண்டார். "எத்தனை நாளைக்குடி இந்தக் காதல் கதை? முடிவுதான் முன்னாடியே தெரியுதே, அதுல என்ன இருக்கு? உருப்படியா ஏதாவது எழுதேன்." சித்தி பாசமாகத்தான் சொன்னார். நானும் பொறுமையாகத்தான் கேட்டேன், ஆனால் போனை வைத்த பிறகு மனசு ஆறவில்லை, திருக்குறளை எடுத்து வைத்துக்கொண்டேன்.

காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். கண்டது, குறிப்பறிந்தது, கூடியது, ஊர் பேசியது எல்லாம் களவியலின் 7 அதிகாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. மீதி 18 அதிகாரமும் கற்பியல். அவன் பிரிந்து போகிறான், அவள் மெலிகிறாள், கனவு காண்கிறாள், மாலைப்பொழுதைத் திட்டுகிறாள், தன் நெஞ்சோடு சண்டை போடுகிறாள். கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. 1330 குறள் எழுதிய மனிதர் கடைசிக் குறளை ஊடலுக்குத்தான் கொடுத்திருக்கிறார். சேர்வார்கள் என்று தெரிந்த பிறகுதான் சொல்வதற்கே நிறைய இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

புலவி நுணுக்கத்தை மறுபடி மறுபடி படித்தேன். அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், உடனே யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். சரி என்று அடுத்த தும்மலை அடக்குகிறான், யார் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீர் என்று அதற்கும் அழுகிறாள். இந்தப் பிறவியில் பிரியமாட்டோம் என்கிறான், அப்படியானால் அடுத்த பிறவியில் பிரிவோமா என்று கண் நிறைந்துவிடுகிறது. தும்மல் மாதிரி ஒன்றுமில்லாத விஷயத்தில் எவ்வளவு பெரிய பயம் வெளியே வருகிறது பாருங்கள். என் பதினெட்டாம் அத்தியாயச் சண்டைக்கு அப்படி ஒரு சின்னப் பொருள் வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

ரயிலில் எதிர் சீட்டில் வயதான தம்பதி. ஏதோ மனஸ்தாபம், அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பியவர் திரும்பியவர்தான், அவர் இரண்டு முறை ஏதோ கேட்டும் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தூங்கிப்போனார். வண்டி வளைந்ததும் வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. அந்தம்மா முகத்தைக்கூடத் திருப்பாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். தனக்குப் பார்க்க ஒன்றும் இல்லாமல், அந்தத் தகரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் லேசாக அசைந்து கண் விழிக்கிற மாதிரி தெரிந்ததும், அவசர அவசரமாக ஷட்டரை மேலே ஏற்றிவிட்டு மறுபடி வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

அந்த அவசரத்துக்காகவே அவரை எழுந்து கும்பிடலாம் போல இருந்தது. இறங்கியதும் பிளாட்பாரத்தில் நின்றே நோட்டில் எழுதிவிட்டேன். இப்படிக் கிடைப்பதை அப்படியே நாவலில் வைக்கமாட்டேன், அது அவர்களுடையது. அன்பை மறைக்கக் கை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

பதினெட்டின் முதல் வரைவு முடிந்தது. அடுத்த கப்பலில் எந்தத் தேதியில் ஏற வேண்டும் என்று அவனுக்குத் தகவல் வந்துவிட்டது, அவளிடம் சொல்லாமல் வைத்திருக்கிறான், அவள் கேட்கிறாள், இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கிறார்கள். தெளிவாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' முடிவைத்தான் நினைத்துக்கொள்வேன். 1816 ஜூலையில் நாவலை முடித்துவிட்டார். அந்த வடிவத்தில் நாயகன் கேப்டன் வென்ட்வொர்த் நாயகி ஆனிடம் நேரில் வந்து, அவள் வேறொருவரை மணக்கப் போகிறாளா என்று தன் அக்கா கணவரான அட்மிரல் சார்பில் கேட்கிறார், அவள் இல்லை என்கிறாள், விஷயம் தீர்ந்துவிடுகிறது. ஆஸ்டினுக்குத் திருப்தி இல்லை. சில வாரங்களுக்குள் மாற்றி எழுதினார். புதிய வடிவத்தில் ஆன் வேறொருவரிடம், ஆணா பெண்ணா யார் அதிக நாள் நேசிப்பார்கள் என்று பேசிக்கொண்டிருக்கிறாள், அதே அறையில் மேஜையில் எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த் காதில் அது விழுகிறது, அவர் அங்கேயே ஒரு கடிதம் எழுதி அவளிடம் சேர்த்துவிட்டுப் போகிறார். ஒருவருக்கொருவர் நேராக ஒரு வார்த்தை இல்லை. கைவிட்ட பழைய அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அடுத்த வருஷமே இறந்துபோனவர், உடம்பு சரியில்லாத நாட்களில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார். எனக்கு அலுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

ஜூன் 22, ஞாயிறு

வந்துவிட்டது!

அவன் தேதியை மறைத்துக்கொண்டிருக்கிறான். அவள் டியூட்டிக்குப் போயிருக்கும்போது தலையணைப் பக்கத்தில் அந்தக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். அவன் வீட்டில் இருக்கும்போது அது வீட்டு நேரம்தான் காட்டும். இப்போது இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஓடவில்லையோ, கெட்டுப்போய்விட்டதோ என்று காதில் வைத்துக் கேட்கிறான். அப்புறம்தான் புரிகிறது, அவன் ஏறப்போகும் துறைமுகத்தின் நேரம் அது. அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டு, அவன் சொல்லட்டும் என்று எத்தனையோ நாளாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் விடிகாலையில் வீட்டுக்கு வரும்போது அவன் கடிகாரத்தை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டுத் தூங்குவது போலப் படுத்திருக்கிறான். அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, வார்ப்பட்டை மறுபக்கம் மடிந்திருக்கிறது. மொத்த அத்தியாயத்தில் தேதி என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

ஒரே மூச்சில் எழுதினேன், ஆறரை தாண்டியது தெரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இருவருக்கும் பெயர் வைத்தாயிற்று. புத்தகம் வரட்டும், சொல்கிறேன்.

இனி அடுத்த சிக்கல். சேர்வார்கள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், கப்பலோ கிளம்பத்தான் போகிறது. வேலையை விட்டுவிட்டு அவன் கரையிலேயே நின்றான் என்று முடிக்க எனக்கு மனசில்லை, அவனுக்கு அந்த இன்ஜின் சத்தம் பிடிக்கும், அவளுக்கும் அது தெரியும். அதனால் கடைசி அத்தியாயத்தை அவன் ஏறிய பிறகுதான் தொடங்கப் போகிறேன். அவள் பகல் டியூட்டிக்கு மாற்றிக் கேட்கிறாளா, இல்லை அவன் வேறு வாட்ச் கேட்டு வாங்குகிறானா, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே சமயத்தில் மாற்றிக் கேட்டுவிட்டால் என்ன ஆகும்? மணிக்கணக்கை முதலில் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். நாளை காலை அந்த வேலைதான்.