ஹவுசிங்காரரோடு சண்டை பிடிக்கலாமா?

இரண்டாம் மாடி அக்கா படுக்கையறை அலுமாரியை முன்னுக்கு இழுத்துக் காட்டினார். பின்சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், நிலத்திலிருந்து என் இடுப்பு உயரத்துக்கு. இரண்டு பனிக்காலமாக ஒவ்வொரு ஞாயிறும் பிளீச் போட்டுத் துடைக்கிறாராம், ஆனாலும் திரும்பத் திரும்ப வந்துவிடுகிறதாம். அலுமாரிக்குள் இருந்த கூறைச்சேலையைப் பொலித்தீன் பையில் சுற்றி சோபாவுக்குக் கீழே வைத்திருக்கிறார். ஒருமுறை போன் பண்ணியதற்கு, வீட்டை வாடகைக்குத் தந்த ஹவுசிங் அசோசியேஷனிலிருந்து ஒரு ஆள் வந்து பார்த்து, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், இவ்வளவு கறி சமைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

எழுத்தில் முறைப்பாடு குடுக்கேல்லையோ அக்கா என்று கேட்டேன்.

"வீடு தந்தவங்களோட சண்டை பிடிக்கலாமே தம்பி? கோவத்தில எழும்பச் சொல்லிப்போட்டால்?"

லண்டனில் இருக்கும் எங்கள் ஆட்கள் பலரிடம் இந்தப் பயத்தைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹவுசிங் அசோசியேஷன் வீடு என்பது யாரோ இரக்கப்பட்டுத் தந்தது என்ற நினைப்பு அடிமனதில் கிடக்கிறது. அந்த நினைப்பு முழுக்கப் பிழை என்றும் சொல்ல முடியாது, தொடக்கத்தில் அது தர்மமாகத்தான் இருந்தது. 1862இல் ஜோர்ஜ் பீபொடி என்ற அமெரிக்க வங்கியாளர் லண்டன் ஏழைகளுக்கென்று 150,000 பவுண் கொடுத்தார், 1864இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் முதல் கட்டடம் திறந்தது. இப்போது இங்கிலாந்தில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இந்த அமைப்புகளின் கையில் இருக்கின்றன, பெரும்பாலானவை லாப நோக்கில்லாதவை, கவுன்சிலிலிருந்து தனியானவை. நாங்கள் வாடகை கட்டுகிறோம், அவர்கள் திருத்தித் தரவேண்டும், ஒப்பந்தம் அவ்வளவுதான். வீட்டை விட்டு எழுப்புவதென்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும், அதற்குச் சட்டத்தில் சொல்லப்பட்ட காரணம் வேண்டும். முறைப்பாடு செய்தது அந்தக் காரணங்களில் ஒன்று இல்லை.

ஆனால் அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு இவர்கள் செய்த உதவியும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் வேலையில் எனக்கு மணித்தியாலங்களைக் குறைத்துவிட்டார்கள். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தால் முதல் காசு கைக்கு வர ஐந்து கிழமை, அதற்குள் வாடகை நிலுவை ஏறிவிட்டது. அப்போது எங்கள் கட்டடத்துக்கென்று ஒரு ஹவுசிங் ஒஃபீசர் இருந்தார், வியாழக்கிழமைகளில் திறப்புக் கோர்வையோடு வந்து படிக்கட்டு, குப்பை அறை எல்லாம் பார்ப்பார், யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்றுகூட அவருக்குத் தெரியும். என்னைப் படியில் கண்டு, கடிதம் கிடிதம் எதுவும் இல்லாமல், தங்களிடமே சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பண ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த மனுசி என் வங்கிக் கணக்குக் கடுதாசிகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்து, நான் கேட்டே இராத கவுன்சில் வரிக் குறைப்பு ஒன்றைக் கண்டுபிடித்து விண்ணப்பித்துத் தந்தார். நிலுவையைக் கிழமைக்கு எட்டுப் பவுணாகக் கட்ட ஒழுங்கு செய்தார். இதில் அவர்களுக்கும் லாபம் இருக்கிறது, ஒரு குடும்பத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கிற செலவை விட ஆலோசகரின் ஒரு மணித்தியாலம் மலிவு. இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வேலைமுறை புதிதல்ல. 1865இல் லண்டன் மேரில்போனில் ஒக்டாவியா ஹில் என்ற பெண் இடிந்துபோன சில வீடுகளைப் பொறுப்பெடுத்து, கிழமைக்குக் கிழமை வாடகை வாங்கப் போகும்போதே எங்கே கூரை ஒழுகுகிறது, எந்த வீட்டில் வேலை போய்விட்டது என்று பார்த்து வருவார். கண்டிப்பான மனுசி, காசு கட்டாதவர்களை எழுப்பியும் இருக்கிறார், எனக்கு அவரில் முழு மரியாதை என்று சொல்லமாட்டேன். ஆனால் கதவைத் தட்டிப் போனால்தான் வீட்டுக்குள் நடப்பது தெரியும் என்பதை அவர் விளங்கி வைத்திருந்தார்.

எங்களுடைய சின்ன அசோசியேஷன் பிறகு ஒரு பெரியதோடு இணைந்தது. 1988 வீடமைப்புச் சட்டத்துக்குப் பிறகு இவர்கள் புது வீடு கட்டத் தனியார் கடன் வாங்க வேண்டியிருக்கிறது, பெரிதாக இருந்தால் கடன் மலிவாகக் கிடைக்கும், அது விளங்குகிறது. ஆனால் வியாழக்கிழமை வருகிறவர் நின்றுபோனார். இப்போது ஒரு போன் இலக்கம், அதற்குள் பாட்டு, பாட்டுக்குப் பிறகு எங்களை ஒருபோதும் கண்டிராத ஒரு குரல்.

மிஞ்சியது கீழ்த்தளத்து கொமியூனிட்டி அறை மட்டும். ஒரு கேத்தல், மடிக்கிற கதிரைகள், நான்கு தையல் மெஷின். செவ்வாய் பின்னேரம் தையல் வகுப்பு, ஆசிரியருக்குச் சம்பளம் அசோசியேஷன் கொடுக்கிறது. வங்காளிப் பெண்கள், சோமாலியப் பெண்கள், எங்கள் அக்காமார், மூன்று பாஷையும் கொஞ்ச இங்கிலீசும். நான் இதை ஒரு பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அக்காவின் சுவரைப் பார்த்த அடுத்த செவ்வாய், அவர் அங்கே போட்டோவைக் காட்டியிருக்கிறார். நான்காம் மாடி வங்காளி அம்மா உடனே தன் போனை எடுத்து அதே மாதிரி ஒரு சுவரைக் காட்டினாராம். பிறகு மூன்றாம் மாடி. பிறகு முதலாம் மாடி. எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் வீடுகள், எல்லாம் ஒரே பக்கச் சுவர். வெளியே போய் அண்ணாந்து பார்த்தால் மேலே மழைநீர்க் குழாய் வெடித்து, செங்கல் பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது.

கறி சமைத்ததால் வந்த ஈரலிப்பு!

2020 டிசம்பரில் ரோச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, அசோசியேஷன் வீடு ஒன்றில் பூஞ்சணத்தைச் சுவாசித்து நோய்வாய்ப்பட்டு இறந்தது. சூடானிலிருந்து வந்த குடும்பம், அங்கேயும் அவர்களுடைய வாழ்க்கைமுறைதான் காரணம் என்று அசோசியேஷன்காரர் நினைத்திருந்தார்கள். அந்தக் குழந்தையின் பெயரில் வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான ஈரலிப்பு, பூஞ்சணம் என்று அறிவித்தால் 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும், ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடிப் பெரிய ஆபத்தென்றால் 24 மணித்தியாலம்.

நான்கு வீடும் சேர்ந்து ஒரே நாளில் நான்கு ஈமெயில் அனுப்பினோம், குழாயின் படத்தோடு. தலைப்பிலேயே 'முதற்கட்ட முறைப்பாடு' (Stage 1 complaint) என்று இங்கிலீசில் போட்டோம், அதைக் கட்டாயம் போடுங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் வெறும் திருத்தவேலைக் கோரிக்கை என்று பதிந்துவிட்டு இருந்துவிடுவார்கள். முறைப்பாடாக ஏற்றால் 10 வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும், அது சரிவராவிட்டால் இரண்டாம் கட்டம், அதுவும் சரிவராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை வெளியிலிருந்து விசாரிக்கிற ஹவுசிங் ஒம்புட்ஸ்மன். காசு கட்டத் தேவையில்லை.

ஒன்பதாம் நாள் சேர்வேயர் வந்தார். ஏணியில் ஏறிக் குழாயைப் பார்த்துவிட்டு, கறியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சாரம் கட்டிக் குழாயை மாற்றினார்கள், சுவருக்குப் பூஞ்சணம் எடுத்து மை அடித்தார்கள். சாரத்தில் நின்ற பெடியன்களுக்கு அக்கா தினமும் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்தார், நான் தடுத்தும் கேட்கவில்லை.

கூறைச்சேலை இன்னும் சோபாவுக்குக் கீழேதான். இன்னொரு பனிக்காலம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாராம்.