எழுத்தாளரிடம் திரும்பிப் போகும் பேட்டி

ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு எழுதி எடுக்க அரை நாள் போய்விடும். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சொல் பிடிபடாமல் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்க வேண்டும். பத்திரிகை அலுவலகங்களில் இதைப் புதிதாகச் சேர்ந்த பையன்கள் தலையில் கட்டிவிடுவது வழக்கம். பேட்டி உருவாவதே அந்த மேசையில்தான் என்பது என் எண்ணம்.

நம்மில் யாரும் எழுத்துத் தமிழில் பேசுவதில்லை. நெல்லைப் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க அய்யா அப்பவே சொல்லிட்டாரு, கத எழுதி என்னத்தக் கிழிக்கப் போறன்னு." இதைக் "கதை எழுதுவதால் பயனில்லை என்று என் தந்தை அப்போதே கூறிவிட்டார்" என்று அச்சில் போட்டால் தகவல் சரிதான், ஆனால் அய்யாவைக் காணோம். கரிசல் பேச்சையே எழுத்தாக்கிய கி. ராஜநாராயணன் போன்றவரின் பேட்டியைப் பாடநூல் தமிழுக்கு மாற்றுவது பெரிய அநியாயம். அதற்காகப் பேசியது பேசியபடியே போட்டால் 'வந்து', 'என்னன்னா' என்றே பக்கம் நிறைந்துவிடும். எதை வைப்பது, எதை விடுவது என்று வரிக்கு வரி நாம்தான் முடிவெடுக்கிறோம். அப்படியானால் மேற்கோள் குறிக்குள் இருப்பது யாருடைய வாக்கியம்?

எழுத்தாளர்களின் சங்கடம் இங்கேதான். அமைச்சர் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பார். எழுத்தாளரோ "சொன்னேன்தான், ஆனால் இப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுத மாட்டேனே" என்பார். ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் பேட்டி எடுப்பதையே தன் மீதான தாக்குதலாகக் கருதினார்; அவரே 1889இல் அமெரிக்காவின் எல்மைராவுக்குத் தேடிப் போய் மார்க் ட்வைனைப் பேட்டி கண்டவர்தான். 'லோலிடா' நாவலை எழுதிய நபகோவ் கேள்விகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு பதில்களை எழுதியே கொடுத்தார். 1953இல் தொடங்கிய 'பாரிஸ் ரிவியூ' இலக்கிய இதழ், எழுதி எடுத்த நேர்காணலை எழுத்தாளரிடமே கொடுத்துத் திருத்தி வாங்குவதை வழக்கமாக்கியது. அதன் நேர்காணல்களை இன்றும் படிக்க முடிவதற்கு அந்தப் பொறுமை ஒரு முக்கியக் காரணம்.

தமிழில் நீண்ட நேர்காணலுக்கு இடம் தந்தவர்களில் நாடகாசிரியர் கோமல் சுவாமிநாதனை மறக்க முடியாது. 1991 முதல் 1995இல் மறையும் வரை அவர் ஆசிரியராக இருந்த 'சுபமங்களா' இதழ், எழுத்தாளர்களைப் பக்கம் பக்கமாகப் பேச விட்டது.

அச்சுக்கு முன் பேட்டியைக் காட்டக்கூடாது என்பது செய்தியாளருக்குப் பாலபாடம். அதிகாரத்தில் இருப்பவர் விஷயத்தில் அந்த விதியை நான் தளர்த்தியதே இல்லை. வாயிலிருந்து வந்ததை அவர் மறுநாள் விழுங்க இடம் தரக்கூடாது. நாவலாசிரியரிடம் நான் பிரதியோடு போவது வேறு காரியத்துக்காக. அந்த நெல்லை எழுத்தாளருக்கு அனுப்பிய பிரதி திரும்பி வந்தபோது அய்யா பேச்சு அப்படியே இருந்தது. பக்கத்தில் பச்சை மையில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "என் முதல் கதை வந்த இதழை அய்யா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தது, அவர் போன பிறகுதான் தெரியும்." நேரில் எவ்வளவோ கேட்டும் வராத வரி அது.

கேள்விகளில் கைவைக்கக் கூடாது, பதிலை வெட்டினால் காரணம் சொல்ல வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் மட்டும் வைக்கிறேன். இதழ் முடிக்கும் நாள் நெருங்கும்போது இதற்கெல்லாம் ஏது நேரம் என்று ஆசிரியர் குழுவில் குரல் எழும். அடுத்த இதழில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் சொல்லி வருகிறேன்.