தூரிகை பிடிப்பவருக்குப் புத்தகம் எழுத வருமா?

ஓவியம் கற்றுத்தரும் புத்தகம் என்று பேச்செடுத்தாலே ஓவியர்கள் சொல்லும் முதல் பதில், "எனக்கு எழுத வராது." அது கடைசியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம். வாக்கியங்களை எடிட்டர் திருத்திக்கொள்வார். கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராததுதான் உண்மையான சிக்கல்.

"இந்த இடம் கொஞ்சம் ஈரமாக இருக்கும்போது அடுத்த வண்ணத்தை இடவும்" என்று எழுதுகிறோம். கொஞ்சம் என்றால் எவ்வளவு? நீர்வண்ணத் தாளைச் சாய்த்துப் பார்த்தால் மேற்பரப்பு மினுங்க வேண்டும், ஆனால் நீர் ஓடி விளிம்பில் தேங்கக் கூடாது. அந்த நிலையில் இட்ட வண்ணம் மெதுவாகப் பரவும். மினுக்கம் மங்கத் தொடங்கிய பிறகு நீர் நிறைந்த தூரிகையால் தொட்டால், அந்த நீர் பாதி காய்ந்த நிறமியை வெளியே தள்ளி, காலிஃபிளவர் போன்ற விளிம்போடு கறையாக்கிவிடும். வாசகருக்கு வேண்டியது இந்த விவரம்.

இதை நினைவிலிருந்து எழுத முடியாது. படம் முடிந்தபின் யோசித்தால் எல்லாம் வழவழவென்று நடந்ததுபோலத்தான் தோன்றும்; கை எங்கே நின்றது, ஏன் நின்றது என்பது மறந்துபோயிருக்கும். அதனால் வரையும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனில் பதிவு செய்வது நல்லது. தொடக்கத்தில் பேச்சும் கெடும், படமும் கெடும், போகப்போகப் பழகிவிடும். பதிவை அன்றே எழுத்தாக்கிவிட வேண்டும். "இதோ, இப்படி" என்று சொன்னது எதைக் காட்டி என்பது ஒரு வாரம் கழித்து நமக்கே புரியாது.

வண்ணப் பெயர்களில் இன்னொரு குழி. சாப் கிரீன், ஹூக்கர்ஸ் கிரீன் போன்றவை பெரும்பாலும் கலவைகள்; ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு நிறமிகளைக் கலக்கிறது. நம் குழாயில் வந்த நிறம் வாசகரின் குழாயில் வராது. குழாயின் மேலுள்ள நிறமிக் குறியீட்டையும் சேர்த்து எழுதினால் குழப்பம் குறையும்: அல்ட்ராமரைனுக்கு பிபி29, தாலோ நீலத்துக்கு பிபி15. தூரிகை எண்ணும் அப்படித்தான். 8ஆம் எண் என்றால் எல்லா இடத்திலும் ஒரே அளவல்ல. அகலத்தை மில்லிமீட்டரில் கொடுங்கள்.

ஒரு அத்தியாயம் தயாரானதும் அதை ஒருவரிடம் கொடுத்து, படிப்படியாக வரையச் சொல்லிப் பக்கத்தில் வாய்மூடி உட்கார வேண்டும். (வாய்மூடுவதுதான் சிரமம்.) அவர் நிமிர்ந்து நம்மைப் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

அடுத்தது வரையும் ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் பிடிப்பது. எழுத்தைவிட அதிக நேரத்தைத் தின்பது இதுதான். நீர்வண்ணத்தில் ஒரு கட்டத்தைப் பிடிக்கத் தவறினால் திரும்பிப் போக வழியில்லை. அதே படத்தை இன்னொரு முறை வரைய வேண்டியதுதான். கேமராவை டிரைபாடிலிருந்து எடுக்காதீர்கள். எக்ஸ்போஷரையும் (ஒளியின் அளவு) வெள்ளைச் சமநிலையையும் (வெள்ளை வெள்ளையாகத் தெரிவதற்கான அமைப்பு) கையால் அமைத்துப் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால், படம் இருளாக ஆக ஆக கேமரா வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போகும்; கடைசிக் கட்டம் முந்தையதைவிட வெளிறித் தெரியும். முதல் புகைப்படத்தில் சாம்பல் அட்டை ஒன்றை வைத்துக்கொண்டால் பின்னால் நிறம் திருத்த எளிது. ஓவியத்துக்கு இடமும் வலமும் ஒவ்வொரு விளக்கு 45 டிகிரியில் இருக்கட்டும். எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பு அப்போதும் அடங்காவிட்டால் விளக்குகளுக்கு போலரைசிங் ஷீட் (ஒளியை ஒரே திசை அதிர்வில் மட்டும் விடும் தாள்), லென்ஸுக்கு அதே வகை ஃபில்டர். ஃபில்டரைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பளபளப்பு மறையும்.

ஏ4 முழுப் பக்கத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 2480 × 3508 பிக்ஸல் வேண்டும். படம் பக்க விளிம்புவரை போனால் வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல், அப்போது 2551 × 3579.

"அச்சில் என் நிறம் செத்துவிடுமோ" என்ற பயம் மட்டும் முழுக்க நியாயமானது. வழக்கமான நான்கு மை அச்சில் (சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு) வராத நிறங்கள் உண்டு. அல்ட்ராமரைன் ஊதாப் பக்கம் சாயும், காட்மியம் ஆரஞ்சு மங்கும். பளபளப்புப் பூச்சில்லாத தாளில் மை ஊறிப் பரவுவதால் இருண்ட பகுதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நிறங்களின் உறவைப் பற்றி ஓவியரும் ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸ் 1963இல் கொண்டுவந்த நூலின் முதல் பதிப்பில் வண்ணப் பலகைகளை சில்க்ஸ்கிரீனில் (துணித்திரை வழியே ஒவ்வொரு நிறமாக மையைத் தள்ளும் முறை) அச்சிட்டார்கள். அந்த வசதி எல்லோருக்கும் கிடைக்காது. நாம் செய்யக்கூடியது, மிகச் சிரமமான நான்கைந்து படங்களைத் தேர்ந்து, புத்தகத்துக்கான அதே தாளில் மாதிரி அச்சு எடுத்து, 5000 கெல்வின் ஒளியில் (பகல் வெளிச்சம் போன்ற விளக்கு) மூலத்தோடு வைத்துப் பார்ப்பது. நிறம் வராது என்று தெரிந்த படத்தை, நிறத்தைக் கற்பிக்கும் பக்கத்தில் வைக்காமல் கோடுகளையோ அமைப்பையோ விளக்கும் பக்கத்துக்கு மாற்றிவிடலாம்.

பக்கங்கள் பெரும்பாலும் 16 கொண்ட ஃபாரமாக (ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் தொகுதி) அச்சாகும். 128 பக்கம் என்றால் 8 ஃபாரம். 131 பக்கம் எழுதியிருந்தால், ஒன்பதாவது ஃபாரத்துக்குப் போகாமல் மூன்று பக்கத்தைக் குறைப்பது மேல்.

"எல்லாரும் எழுதிவிட்டார்களே", "ரகசியத்தைச் சொல்லிவிட்டால் என்ன மிஞ்சும்" என்ற சந்தேகங்களுக்கு நான் அதிக நேரம் கொடுக்க மாட்டேன். மேலே சொன்ன ஈர அளவைத் தெரிந்துகொண்ட ஒருவர் அதைக் கையில் கொண்டுவரப் பத்துத் தாளாவது வீணாக்க வேண்டும்.

விற்ற ஓவியங்களைச் சேர்க்கலாமா என்ற கேள்வி வேறு வகை. பல நாடுகளில் ஓவியத்தை விற்பதால் பதிப்புரிமை தானாகப் போய்விடாது. ஆனால் கூலிக்கு வரைந்ததென்றால் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். வேறொருவர் எடுத்த புகைப்படமானால் அதன் உரிமை அவரிடம் இருக்கக்கூடும். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இனி விற்கப்போகும் படங்களைக் கட்டி அனுப்புவதற்கு முன்பே அச்சுக்கான அளவில் பிடித்து வைத்துவிடுங்கள்.