பாலத் தளத்தை அரிப்பது லாரி மட்டுமல்ல

கடற்கரையோரப் பாலங்களை ஆய்வு செய்வது என் வேலை. தளம் பெயர்ந்த பாலத்துக்குப் போனால் ஊர்க்காரர்கள் முதலில் சொல்வது, "மணல் லாரி ஓடி ஓடியே போச்சு சார்." லாரிக்கும் பங்கு உண்டுதான், எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (வெயிலில் தளம் விரிய விடும் இடைவெளி) ஓரத்தில் சக்கரம் தடதடவென்று இறங்கி ஏறுகிற இடத்தில் காங்கிரீட் விளிம்பு உடையும். ஆனால் நான் பார்த்த பெரும்பாலான தளங்களில் கேட்டைத் தொடங்கி வைத்தது தேங்கிய தண்ணீர்.

பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். 50 மி.மீ. கனத்துக்கு ஒரு சதுர மீட்டரில் சுமார் 115 கிலோ கூடுதல் பாரம், அது ஒரு பக்கம். வடிகால் குழாயின் வாயும் சேர்ந்து மூடிப்போகிறது. அப்புறம் மழைத்தண்ணீர் கைப்பிடிச் சுவரோரம் நின்று, மயிரிழை வெடிப்புகளில் இறங்கி, அடியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடாகவும் துருக்கறையாகவும் வெளியே தெரியும். அந்த இடத்தில் சுத்தியலால் தட்டினால் 'ணங்' என்று வராது, 'டொக்' என்று வரும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், உள்ளே காங்கிரீட் ஏற்கெனவே பிளந்திருக்கும்.

புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலின் என்ற சோதனைக் கரைசலைத் தெளித்தால் காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காரத்தைக் குறைத்த பகுதி நிறம் மாறாது. நிறமில்லாத பகுதி கம்பி வரை வந்துவிட்டால் துருவுக்குத் தடையில்லை. ஆனால் உப்பளம் பக்கத்துப் பாலங்களில் இளஞ்சிவப்பைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. உப்பிலுள்ள குளோரைடு போதுமான அளவு கம்பியை எட்டிவிட்டால், காரம் குறையாத காங்கிரீட்டுக்குள்ளேயே கம்பியைக் குழிகுழியாக அரிக்கும்.

காங்கிரீட் பாலங்களுக்கான இந்திய விதிநூல் ஐஆர்சி 112 மிதமான சூழலுக்கே 40 மி.மீ. கவர் (கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய காங்கிரீட் கனம்) கேட்கிறது, அதன் பட்டியலில் உச்சமான 'எக்ஸ்ட்ரீம்' சூழலுக்கு 75. சைட்டில், கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதில் ஒரு ஜல்லியைச் செருகுகிறார்கள், காங்கிரீட் கொட்டும்போது அது நழுவிவிடுகிறது, கம்பி பலகையிலேயே படுத்துக்கொள்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும், ஏனென்றால் பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் அந்தக் கவர் முழுசாகத் திரும்பாது.

ரிப்பேர் என்று பெயர்ந்த இடத்தில் மட்டும் கலவை பூசினால், உப்பேறிய பழைய காங்கிரீட்டில் ஒட்டின் ஓரத்துக் கம்பி அடுத்து துருப்பிடிக்கும். அதனால் கம்பிக்குப் பின்னால் வரை வெட்டி, உப்பேறிய பகுதியை எடுத்துவிட்டுத்தான் நிரப்பச் சொல்கிறேன். வடிகால் குழாய்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே திறக்கும் வேலையை எஸ்டிமேட்டின் முதல் வரியில் எழுதுகிறேன், அதற்கு ஒரு கடப்பாரையும் இரண்டு ஆளும் போதும்.