ஜோயலிண்டன் இடம் மாறிய ராத்திரி

ஒன்பதாவது நிமிஷத்திலேயே ரெட் கார்டு. 2021 நவம்பர் 30, செவ்வாய்க்கிழமை ராத்திரி, இங்கிலாந்தின் நியூகாசில் ஃபுட்பால் அணியின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானம். எதிரில் நார்விச் அணி. நியூகாசில் டிஃபெண்டர் கியரன் க்ளார்க் பந்தைத் தலையால் சரியாக முட்டாமல் விட்டுவிட்டு, தாண்டி ஓடப் பார்த்த நார்விச் ஸ்ட்ரைக்கர் டீமு புக்கியைப் பிடித்து இழுத்துவிட்டார். என் பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு நாள் முன்னால்தான் ஆர்வென் புயல் அந்தப் பக்கமெல்லாம் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் குளிரில் அவர் தலையில் தொப்பி இல்லாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த ராத்திரியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். போன வாரம் ஆபீஸ் கேண்டீனில் ஒரு தம்பி, அவனுக்குப் பிடித்த அணி புதிதாக வாங்கிய ஸ்ட்ரைக்கரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பத்து ஆட்டம் ஆகிவிட்டது, கோல் இல்லை. "வேஸ்ட்" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நியூகாசில் ஆட்டக்காரர் ஜோயலிண்டன் ஞாபகம் வந்துவிட்டது.

2019 செப்டம்பரில் கம்பெனி என்னை ஆன்சைட் வேலைக்கு நியூகாசிலுக்கு அனுப்பியது. அந்த ஊரில் எனக்கு முன்பே தெரிந்த ஒரே பெயர் ஆலன் ஷியரர். சின்ன வயதில் சனிக்கிழமை ராத்திரிகளில் அண்ணனோடு உட்கார்ந்து டிவியில் பார்த்த ஷியரர். அந்த ஊர்ப் பிள்ளை. கிளப்புக்காக 206 கோல் போட்டவர். மைதானத்துக்குப் பக்கத்திலேயே சிலை வைத்திருக்கிறார்கள். ஜாக்கி மில்பர்ன், மால்கம் மெக்டொனால்ட், ஷியரர் என்று அங்கே கோல் போடுகிறவர் போடும் ஒன்பதாம் நம்பர் சட்டைக்கு ஒரு பரம்பரையே உண்டு.

நான் போய் இறங்கியதற்கு இரண்டு மாசம் முன்னால் அந்தச் சட்டையை ஜோயலிண்டன் என்ற பிரேசில் பையனுக்குக் கொடுத்திருந்தார்கள். பெர்னாம்புகோ மாநிலத்தில் அலியான்சா என்ற சின்ன ஊர்க்காரர். ஜெர்மனியில் ஹோஃபன்ஹைம் அணியிடமிருந்து 4 கோடி பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். கிளப் வரலாற்றில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. வயசு 22. ஆகஸ்ட் கடைசியில் டாட்டன்ஹாமை அவர்கள் மைதானத்திலேயே 1-0 என்று ஜெயித்தபோது அந்த ஒரு கோல் இவருடையது. சரி, ஆள் கிடைத்துவிட்டான் என்று ஊரே நினைத்தது.

லீக்கில் அடுத்த கோல் வர கிட்டத்தட்ட பத்து மாசம் ஆனது. 2020 ஜூனில் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிராக, கொரோனாவால் மைதானத்தில் ஒரு ஆள்கூட இல்லாதபோது. 38 லீக் ஆட்டத்துக்கு மொத்தம் 2 கோல். எங்கள் ஆபீஸில் திங்கள்கிழமை காலை என்றாலே இந்தப் பேச்சுதான். சிலர் கோபப்பட்டார்கள், நிறையப் பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கும். புது ஊரில், புது பாஷையில், தனக்கு ஒத்துவராத வேலையைச் செய்துகொண்டிருக்கிற ஒருவனைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று இருக்கும்.

அந்த ஆபீஸில் கிளையன்ட் பக்கத்தில் இருந்த அந்தத் தொப்பிப் பெரியவர்தான் என்னை முதல்முதலில் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அறுபதை நெருங்கும் வயசு, அப்பா காலத்திலிருந்து சீசன் டிக்கெட். 2020 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் மூன்றாம் டிவிஷன் அணியான ராச்டேலோடு மறு ஆட்டம். 4-1. கடைசி கோல் ஜோயலிண்டனுடையது. ஆகஸ்டுக்கு அப்புறம் அவர் போட்ட முதல் கோல் அதுதான். மைதானம் எழுந்து கத்தியதில் சந்தோஷத்தைவிட, அப்பாடா என்ற பெருமூச்சுதான் அதிகம் கேட்டது.

நான் அன்றைக்கு முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து உயரமாகப் பந்தை அடிப்பார்கள். இவர் கோலுக்கு முதுகு காட்டி, ஒரு டிஃபெண்டர் முதுகில் தொற்றிக்கொண்டிருக்க, நெஞ்சில் வாங்கி இறக்குவார். இறக்கிக் கொடுக்க, பக்கத்தில் தன் அணிச் சட்டை ஒன்றும் இருக்காது. பந்து போய்விடும். உடனே திரும்பி, பறிபோன பந்தைத் துரத்திக்கொண்டு பாதி மைதானம் ஓடுவார். "பந்து வந்தால் ஒதுங்க மாட்டான், அதை மட்டும் பாரு" என்றார் பெரியவர். எல்லாரும் திட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் சொன்னது அது.

ஹோஃபன்ஹைமிலும் அவர் கோல் வாசலில் காத்துக்கொண்டு நிற்கிற ஆளாக ஆடியதில்லை. கொஞ்சம் பின்னால், இல்லையென்றால் ஓரத்தில் நின்று, இடித்து முட்டிப் பந்தைப் பிடித்து அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் வேலை. அங்கே ஆடிய கடைசி சீசனில் ஜெர்மனி லீக்கான பண்டஸ்லீகாவில் 7 கோல். அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து ஷியரர் சட்டையை மாட்டி, முன்னால் தனியாக நிறுத்திவிட்டு, கோல் போடு என்றால் எங்கிருந்து போடுவார்? விலைச்சீட்டைப் பார்த்தவர்கள் ஆளைப் பார்க்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

இப்போது அந்த நார்விச் ராத்திரிக்கு வருகிறேன். அதுவரை 13 லீக் ஆட்டம் ஆகியும் நியூகாசிலுக்கு ஒரு வெற்றி இல்லை, கடைசி இடம். புது மேனேஜர் எடி ஹவ் கொரோனா வந்து தன் முதல் ஆட்டத்துக்கே வர முடியாமல் போனவர். சொந்த மைதானத்தில் அவர் வந்து நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஒன்பது நிமிஷத்தில் பத்துப் பேர் ஆகிவிட்டார்கள். ஒரு விங்கரை வெளியே எடுத்து டிஃபெண்டரை இறக்கினார். ஜோயலிண்டன் நடுவில், மிட்ஃபீல்டுக்கு வந்தார்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம், நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலேயே ஒரு நார்விச் ஆள் பந்தை வாங்கித் திரும்பப் பார்த்தான். அவன் திரும்புவதற்குள் ஜோயலிண்டன் தோளை உள்ளே கொடுத்து, இடது காலை நீட்டி, பந்தைச் சுத்தமாக எடுத்துக்கொண்டு போனார். ஃபவுல் இல்லை. ஒரு நொடி அமைதி. அப்புறம் கோல் விழுந்த மாதிரி ஒரு கத்தல். இரண்டரை வருஷமாக அவர் துரத்தித் துரத்தி ஓடிய அதே ஓட்டம்தான். இப்போது பந்து கண்ணெதிரே இருந்தது, பறித்த பந்தைக் கொடுக்க முன்னால் ஆளும் இருந்தது. அடுத்த தடவை அவர் பந்தைப் பறித்தபோது பெரியவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

நியூகாசிலுக்கு கேலம் வில்சன் பெனால்டியில் கோல் போட்டார், ஆட்டம் முடிவை நெருங்கும்போது புக்கி ஒன்றைத் திருப்பினார், 1-1. ஜெயிக்கவில்லை. ஆனால் வெளியே வந்து மேட்டிலிருந்து இறங்கும்போது எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நாலு நாள் கழித்து பர்ன்லியை 1-0 என்று ஜெயித்தார்கள். முதல் 14 ஆட்டத்தில் வெற்றியே இல்லாத ஒரு அணி பிரீமியர் லீக்கிலிருந்து கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பிப் பிழைத்தது அந்த சீசனில்தான் முதல் தடவை. பதினோராம் இடம். கிளப்பின் அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர், ஜோயலிண்டன். ஒன்பதாம் நம்பர் அந்த சீசன் தொடக்கத்திலேயே வில்சனுக்குப் போய்விட்டது, இவர் முதுகில் 7. 2023 ஜூனில் பிரேசில் தேசிய அணி கூப்பிட்டது, மிட்ஃபீல்டராக. பார்சிலோனாவில் கினியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே ஒரு கோலும் போட்டார்.

அதே அணியில் மிகேல் அல்மிரோனுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2019 ஜனவரியில் வந்தவருக்கு முதல் கோல் கிடைத்தது டிசம்பரில். 2022 அக்டோபரில் அவர்தான் லீக்கின் அந்த மாதத்துச் சிறந்த ஆட்டக்காரர். அதைத் தனியாக எழுத வேண்டும்.

மெதுவாகத் தொடங்குகிற எல்லாரும் இப்படி வந்துவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வராமல் போனவர்கள்தான் அதிகம். ஜோயலிண்டனுக்கு ஹவ் இடம் கொடுத்தார், அது பாதி. ஊரே சிரித்த இரண்டு வருஷமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், ஓட்டத்தைக் குறைக்காமல் இருந்தாரே, மீதிப் பாதி அது. கேண்டீன் தம்பியிடம் நான் கேட்டது ஒன்றுதான். "கோலை விடுப்பா. பந்து காலில் இல்லாதபோது அவன் என்ன பண்றான்னு பாத்தியா?" பார்க்கவில்லை என்றான். இந்த வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறானாம்.

2022-ல் நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். 2025 மார்ச் 16, லீக் கோப்பை இறுதி ஆட்டம், வெம்ப்ளியில் லிவர்பூலோடு. நம் நேரம் ராத்திரி பத்து மணி. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். நடுவில் புரூனோ கிமராயிஸ், டொனாலி, ஜோயலிண்டன். ஒவ்வொரு டேக்கிளையும் கோல் போட்ட மாதிரி கையை முறுக்கிக் கொண்டாடினார் மனுஷன். டான் பர்ன் தலையால் ஒன்று, இசாக் ஒன்று, 2-1. 1955 எஃப்ஏ கோப்பைக்கு அப்புறம் எழுபது வருஷம் கழித்து அந்த ஊருக்கு ஒரு உள்நாட்டுக் கோப்பை. பெரியவர் பிறப்பதற்கு முன்னால் அவர் அப்பா பார்த்தது அந்த 1955.

பன்னிரண்டரை மணி வாக்கில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. வெம்ப்ளியிலிருந்து. கோப்பையும் இல்லை, மைதானமும் இல்லை. முன் வரிசையில் எழுந்து நிற்கிற யாரோ ஒரு பெண்ணின் முதுகு. கறுப்பு வெள்ளைச் சட்டை, 7, மேலே ஜோயலிண்டன் என்று பெயர். படத்தின் ஓரத்தில், கொஞ்சம் கலங்கலாக, கையில் பிடித்திருந்த அந்தக் கம்பளித் தொப்பி.