பிளஸ் டூ மார்க்கை விடுங்கள், முதல் செமஸ்டர் பழக்கத்தைப் பாருங்கள்

பி.எஸ்சி. வேதியியலில் புதிதாகச் சேரும் தம்பி, தங்கைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: “அக்கா, பிளஸ் டூவில் எனக்கு மார்க் குறைவு. டிகிரியில் தேறிவிடுவேனா?” பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள் கல்லூரியிலும் பெரும்பாலும் நன்றாகவே படிப்பார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மார்க்கை இனி மாற்ற வழியில்லை. ரிசல்ட் எப்படி வரும் என்பதை முதல் செமஸ்டரிலேயே சொல்லிவிடும் வேறு அறிகுறிகள் இருக்கின்றன, அவை உங்கள் கையில்தான் இருக்கின்றன. எங்கள் வகுப்பில் புக் பேக் கேள்விகளை மனப்பாடம் செய்து பெரிய மார்க்கோடு வந்த சிலருக்கு அலைடு கணிதத்தில் அரியர் விழுந்தது. தமிழ் வழியில் படித்து, சுமாரான மார்க்கோடு வந்த தோழி ஒருத்தி ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேர்ந்தாள்.

முதலில் வருகை. மார்கஸ் கிரேடேயும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கல்லூரி மதிப்பெண்ணைக் கணிப்பதில் வகுப்புக்கு ஒழுங்காக வருவது பள்ளி மார்க்கையும் நுழைவுத்தேர்வு மார்க்கையும் முந்தியிருந்தது. கரிம வேதியியல் வகுப்பில் மேடம் எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் எந்த அம்புக்குறியை முதலில் போடுகிறார், ஏன் போடுகிறார் என்பதெல்லாம் ஜெராக்ஸ் நோட்ஸில் கிடைக்காது. 75 சதவீதம் இருந்தால் போதும் என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

அடுத்தது நான் மிகவும் நம்புவது, சேர்ந்து படிப்பது. 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த யூரி டிரைஸ்மன் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் பலர் ஏன் தோற்கிறார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் எப்படித் தேறுகிறார்கள்? ஆர்வமில்லை, பள்ளி அடித்தளம் போதாது, வீட்டில் ஆதரவில்லை, வறுமை என்று ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் எதுவும் பொருந்தவில்லை. அந்த மாணவர்களும் கடுமையாகத்தான் உழைத்தார்கள், ஆனால் தனியாக. சீன மாணவர்களோ தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூடி விடைகளை ஒப்பிட்டு விவாதித்தார்கள். கடினமான கணக்குகளோடு டிரைஸ்மன் குழுப் பயிற்சி தொடங்கியதும் கறுப்பின மாணவர்களின் மார்க் நன்றாக உயர்ந்தது.

எங்கள் ஹாஸ்டலிலும் வெப்ப இயக்கவியல் கணக்குகளை அவரவர் போட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒப்பிடுவோம். கணக்கில் வரும் வேலையின் (work) குறி பிளஸா மைனஸா என்று பெரிய வாக்குவாதமே நடக்கும். ‘நீ ஏன் மைனஸ் போட்டாய்?’ என்று ஒருத்தி கேட்டு, அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் எனக்கே அது தெளிவானது. ஆனால் முதலில் தனியாகப் போட்டுப் பார்ப்பது கட்டாயம். அது இல்லாமல் கூடினால் ஒருத்தர் போடுவார், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள்.

அப்புறம், எப்படிப் படிக்கிறீர்கள் என்பது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இன்டர்னலுக்கு முதல்நாள் நோட்டைப் புரட்டினால் எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதும், செமஸ்டர் தேர்வில் கை ஓடாமல் போவதும் இதனால்தான். நோட்டை மூடிவிட்டு எஸ்என்1, எஸ்என்2 போன்ற கரிம வேதியியல் வினைவழிகளை அம்புக்குறிகளோடு வெறும் தாளில் வரையுங்கள். எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து படியுங்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒவ்வொரு இன்டர்னலும் எழுதி முடித்த உடனே, எவ்வளவு மார்க் வரும் என்று நீங்களே கணித்து நோட்டில் குறித்து வையுங்கள். மார்க் குறைவாக வாங்குபவர்கள்தான் பெரும்பாலும் தங்களை அதிகமாக எடைபோடுகிறார்கள். நீங்கள் 20 என்று குறித்து 11 வந்தால், அந்த இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும். படித்தும் எழுத வரவில்லையா, கேள்வியே புரியவில்லையா, ஆங்கிலம் தடுக்கிறதா? தமிழ் வழியில் வந்தவர்களுக்குப் பல நேரம் மூன்றாவதுதான் காரணம், ஆனால் நமக்குப் பாடமே வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். திருத்திய பேப்பரை எடுத்துக்கொண்டு அந்த வாரமே சாரையோ மேடத்தையோ பார்த்து, எந்த வரியில் மார்க் போனது என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.